ஓம் கூடத்துக் கக்கூஸ்

கொண்டியைப் போட்டு, மூடிக்கு மேல் குந்தி, மூச்சை ஒரு தரம் இழுத்து விட்ட பிறகுதான் விக்னராசாவுக்குத் தன் கால்கள் மேல் கோபம் வந்தது. வாயை நம்பலாம், தலையைக்கூட ஓரளவுக்கு நம்பலாம், இந்தக் கால்களை நம்பிப் பிழைக்க ஏலாது. மணி அடித்தால் எழும்பு, எழும்பினால் கட்சி போகிற பக்கம் நட, நடந்து போய் எண்ணுகிறவருக்கு முன்னால் தலையைக் குனி என்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இத்தனை வருசமாக இவற்றைப் பழக்கினது ஆர், அவரேதான். இன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று காலையில் பல்லுத் தீட்டும்போதே சொல்லி வைத்தவர். வேறு நாடாளுமன்றங்களில் பொத்தானை அமத்துவார்கள், கையைத் தூக்குவார்கள், பிழையாகத் தூக்கினால் இறக்கலாம். இங்கே அந்தக் கதையே இல்லை. எழும்பி நடக்க வேண்டும். ஆமென்கிறவர்களுக்குச் சபாநாயகரின் வலப்பக்கம் ஒரு நீட்டுக் கூடம், இல்லையென்கிறவர்களுக்கு இடப்பக்கம் ஒரு நீட்டுக் கூடம். அவர் பிறந்த கரவெட்டியில் ஆமாம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை, ஓம் என்றுதான் சொல்வார்கள்; ஆகவே அவருடைய மண்டைக்குள் ஒன்று ஓம் கூடம், மற்றது இல்லைக் கூடம். மணி அடித்துச் சொற்ப நேரத்தில் கதவுகளைப் பூட்டி விடுவார்கள். பூட்டும்போது எந்தக் கூடத்தில் நிற்கிறாயோ அதுதான் உன் கொள்கை. விக்னராசா இல்லைக் கூடத்துக்குப் போகவென்று எழும்பினவர். கொறடா கிரஹம் தோளில் கையைப் போட்டு, "விக், முழங்கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டான். முழங்காலைப் பற்றி ஆராவது கேட்டால் விக்னராசாவுக்கு உலகம் மறந்துபோகும். டொக்டர் சொன்னது, எண்ணெய் பூசினது, மாடிப்படி ஏறும்போது ஒரு சத்தம் கேட்கிறது என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். பின்னால் டமார் என்று கதவு பூட்டிய பிறகு நிமிர்ந்து பார்த்தால் சுற்றிவர நிற்கிறவையெல்லாம் சொந்தக் கட்சிக்காரர். இப்போது கக்கூசுக்குள்.

கிரஹம் இங்கிலிசில்தான் கேட்டான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த நாட்டில் ஆர் எதைக் கேட்டாலும் அது விக்னராசாவின் காதுக்குள் போய்ச் சேரும்போது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் சேரும், பிரதமர் கதைத்தாலும் அதுதான். அதனால்தானோ என்னவோ ஒருத்தரிலும் அவருக்குப் பயம் வருவதில்லை, எல்லாரும் தெரிந்த ஆக்கள் மாதிரி இருக்கும், தெரிந்த ஆக்களுக்கு எப்படி இல்லையென்று சொல்வது. நேற்று இதே கிரஹம் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் மறித்து, "நாளைக்கு எங்களோடைதானே விக்?" என்று கேட்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லையடாப்பா, இந்த ஒரு வாக்கு மட்டும் என்னாலை ஏலாது, இது என்ரை தொகுதிச் சோலி என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. வாய் திறந்தது. ஓம் என்றுதான் வந்தது. நாளைக்கு நடந்து காட்டினால் அவனுக்கு விளங்கும்தானே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். நடந்து காட்டினார், நல்ல வடிவாகத்தான் காட்டினார். கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. மண்ணிறச் சப்பாத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார். கறுப்பு உடுப்புக்கு மண்ணிறச் சப்பாத்துப் போடுகிறவர் இந்தச் சபையிலேயே அவர் ஒருத்தர்தான், பாதி விலைக்குக் கிடந்தது என்று இராசமலர் வாங்கி வந்தது, போடுவீங்களோ என்று கேட்டாள், ஓம் என்றார்.

இராசமலருக்கும் அவர் முதலில் சொன்ன சொல் அதுதான். தரகர் படத்தைக் கவிட்டு வைத்துவிட்டுப் பெட்டை தாதி, லண்டனில் வேலை, சம்மதமோ என்று கேட்க, படத்தை நிமிர்த்த முன்னமே விக்னராசா ஓம் என்றுவிட்டார். அந்த ஓம் பிழைக்கவில்லை, அதை மட்டும் அவர் எங்கேயும் சத்தியம் பண்ணிச் சொல்வார். மற்ற ஓம்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். லண்டனுக்கு வந்து கார்களுக்குப் பெற்றோல் அடிக்கிற வேலை; அந்தப் பெற்றோல் செற் முதலாளி சனிக்கிழமையும் நிற்பியோ என்றான், ஓம். ஞாயிறும், ஓம். ஹேவர்மவுத் என்று கடற்கரையில் ஒரு ஊர் கிடக்கு, குளிரும் காத்தும்தான், அங்கை ஒரு செற்றைப் பாரமெடுப்பியோ என்றான், ஓம். அந்த ஊரை ஆறு வந்து நடுவால் வெட்டிக்கொண்டு கடலில் விழுகிறது, இந்தக் கரையில் வீடுகள், அந்தக் கரையில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அவருடைய பெற்றோல் செற்றும். பாலத்தால் சுத்திப் போனால் விடிந்துவிடும். குறுக்கே ஒரு படகு. பதினைந்து பேர் இருக்கலாம், நாய்க்குக் காசில்லை. அந்தச் செற்றிலும் ஒரு நாள் இப்படித்தான் கக்கூசுக்குள் ஒளித்தவர். முகத்தை மூடிக் கட்டினபடி ஒருத்தன் உள்ளுக்கு வந்தான். கொள்ளைக்காரன் என்று எண்ணி விக்னராசா பின்பக்கம் ஓடிக் கொண்டியைப் போட்டுக்கொண்டு முருகா முருகா என்று கிடந்தார். அவன் கன நேரம் தட்டிவிட்டு, "அண்ணை, சைக்கிள் சில்லுக்குக் காத்தடிக்க வேணும், அவ்வளவுதான்" என்றான். பாவம், காது நோவாம், அதுதான் சால்வையால் கட்டியிருந்தான். பிறகு அவன்தான் முதல் தேர்தலில் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தது. ஆகவே கக்கூசுக்குள் ஒளிக்கிறது எப்போதும் கெட்ட சகுனம் என்று சொல்ல முடியாது. இதை நினைக்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வெளியே கேட்கும். கையால் வாயைப் பொத்தினார்.

தட்டினார்கள். கிரஹம்தான், அவன் மோதிரத்தால் தட்டுவான். "விக், உள்ளுக்கை நீதானே? சப்பாத்து தெரியுது." சனியன் பிடித்த சப்பாத்து. "ஓம், நான்தான்." "எல்லாரும் போய் முடிஞ்சுது, உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம். ஒரு தலை ரெண்டு தலையிலைதான் எல்லாம் கிடக்கு." விக்னராசா வாயைத் திறந்தார். நான் வரேல்லை என்று சொல்லத்தான் திறந்தார். "வயித்துக்குச் சரியில்லை" என்று வந்தது. கிரஹம் கனிவாக, "அவசரப்படாதை, ஆனா கெதியா வா" என்றான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கரைச்சல். கெட்டவனாக இருந்தால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடலாம். போன கிழமைகூடக் காதுக்குக் கிட்ட வந்து, அடுத்த மாற்றத்தில் உனக்கு ஒரு சின்ன அமைச்சு இருக்கு, மீன்பிடியாக இருக்கும், ஒருத்தருக்கும் சொல்லாதை என்றான். மீன்பிடி துணை அமைச்சர் தம்பையா விக்னராசா. அதை மனதுக்குள் ஒருக்காச் சொல்லிப் பார்த்தார், நல்லாய்த்தான் இருந்தது, இன்னொருக்காச் சொன்னார், அப்போதும் நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் அந்த நினைப்பு டொரீனில் போய்த் தட்டுப்பட்டு நின்றுவிட்டது.

டொரீன் அந்தப் படகை ஓட்டுகிறவள். எழுபதைத் தாண்டியிருக்கும், மழையோ வெயிலோ ஒரே மஞ்சள் சட்டை. அவளுடைய படகில் வைத்துத்தான் அவரைக் கட்சிக்காரர் பிடித்தது. நீ வெல்லப் போறதில்லை விக், வேட்பாளரெண்டு சும்மா பேரை மட்டும் தா, இடத்தைக் காலியாக விட்டால் மானக்கேடு என்றார்கள். பேர்தானே, ஓம். பிரசாரத்துக்கு எங்கே போவதென்று தெரியவில்லை, கதவைத் தட்டினால் சாத்துகிறார்கள். டொரீன்தான் சொன்னாள், என்ரை படகிலை ஏறி நில், தண்ணிக்கு நடுவிலை ஒருத்தரும் இறங்கி ஓடமாட்டினம். அப்படியே நின்றார். காலையிலும் பின்னேரத்திலும் அக்கரைக்கும் இக்கரைக்குமாக, மழைக்குள்ளும் நின்றார். கதைக்கிறதைவிடக் கேட்டதுதான் கூட, அவருக்குத்தான் இல்லையென்று சொல்லத் தெரியாதே. ஆருக்கு எந்த முழங்காலில் நோ, ஆருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனது என்று எல்லாம் தெரிந்தது. வென்றார். எண்ணி முடித்து அறிவித்தபோது அவருக்கே நம்ப ஏலவில்லை, பக்கத்தில் நின்ற இராசமலர், "இனி என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாள், அப்போது மட்டும் ஓம் என்ற மறுமொழி பொருந்தவில்லை. வந்து பார்த்தால் சபை அதைவிட விசித்திரம். காலையில் பிரார்த்தனை, அதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பிரார்த்தனைக்கு வந்தவனுக்குத்தான் அன்றைக்கு இருக்கை நிச்சயம், அவர் சைவக்காரர், மனதுக்குள் திருநீறு பூசிக்கொண்டு நின்று இடம் பிடித்தார். கதைக்க வேண்டுமென்றால் ஒவ்வொருத்தர் முடிக்கும்போதும் எழும்பி எழும்பி இருக்க வேண்டும், சபாநாயகரின் கண்ணில் படும்வரைக்கும். முதல் நாள் பின்னேரம் முழுக்க எழும்பி இருந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை, வெளியே வந்து போனைப் பார்த்தால் இராசமலர், "ரீவியிலை பாத்தனான். இருக்க ஏலாமல் கிடக்கோ? மூலமெண்டால் சொல்லுங்கோ, மருந்து கிடக்கு."

முழங்கால் போனதும் அந்த எழும்பலில்தான். ஆனால் கடைசியில் கண்ணில் பட்டது, கன்னிப்பேச்சு கிடைத்தது, படகைப் பற்றித்தான் பேசினார். இங்கிலிசுக்காரர் கன்னிப்பேச்சுக்கு நடுவில் குறுக்கிடமாட்டார்கள், அது வழக்கம். அந்தப் படகை ஓட்ட வேண்டியது நகரசபையின் கடமை என்று பழைய சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, அந்த ஒரு வரிதான் எங்கள் ஊரின் இரண்டு கரையையும் தைத்து வைத்திருக்கிறது என்று சொன்னார். டொரீன் அதைப் பேப்பரிலிருந்து வெட்டிப் படகில் ஒட்டி வைத்தாள், உப்புக்காற்றில் மை போய் இப்போது மூக்கும் கண்ணாடியும் மட்டும் தெரிகிறது. புதுச் சட்டமூலத்திலும் அந்த வரி அப்படியே வந்தது. பிறகுதான் கட்சி, செலவு கூடிப்போச்சு, அந்த வரியை வெட்டுவோம் என்று திருத்தம் கொண்டு வந்தது. இப்போது நடக்கிற வாக்கு அதற்குத்தான். வெட்டலாமோ, ஓம், இல்லை. வரி போனால் வருகிற மாரிக்கு முன்னம் படகு போகும், நகரசபை அதற்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. போன சனிக்கிழமை படகில் டொரீன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "விக், முந்தி இருந்தவங்கள் எல்லாரும் எனக்கு வாக்குத் தந்தவங்கள். நீ ஒருத்தன்தான் ஒண்டும் தராமல் தலையை ஆட்டினது. எனக்கு உன்ரை தலையாட்டல் காணும், வேறை ஒண்டும் வேண்டாம். ஆனா இந்த முறை அங்கை போயும் ஆட்டிப்போடாதை." இதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டினார். ஆட்டிவிட்டு, தான் ஆட்டுகிறதைக் கண்டு அவர் சிரிக்க, அவளும் சிரித்தாள். டொரீன் சிரித்தால் பல்லுச்செற் கழன்று விழப் பார்க்கும், கையால் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வருகிற சனிக்கிழமை அந்தப் படகில் எப்படி ஏறுவது. தண்ணிக்கு நடுவில் அவராலும் இறங்கி ஓட ஏலாது.

காற்சட்டைப் பைக்குள் போன் நடுங்கியது. இராசமலர். கோயில் தேர்த்திருவிழாக் கொமிற்றிக்காரர் வீட்டு லைனிலை நிக்கினம், இந்த வருசமும் நீங்கள்தான் தலைவராம், ஓம் எண்டு சொல்லட்டோ? அதற்குக் கீழே இன்னொன்று, உங்களை ரீவியிலை காணேல்லை, எங்கை? தேர்த்திருவிழா. போன வருசம் தலைவர் என்ற பேரில் அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டினதிலிருந்து, தெருவை மறித்ததற்குப் பொலிசோடு கதைத்தது, இரண்டு கோஷ்டி மேளகாரரைச் சமாதானப்படுத்தினது வரைக்கும் எல்லாம் அவர்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இராசமலர் கையிலிருந்த புட்டை வைத்துவிட்டு, "சாகிறதுக்கு முன்னம் ஒருநாள், ஒரே ஒருநாள், நீங்கள் ஆருக்காவது இல்லையெண்டு சொல்லிறதைக் கேட்டிட்டுத்தான் நான் கண்ணை மூடுவன்" என்றாள். அவரும் ஓமப்பா என்றார். சாக்கடைக் குழுவில் அவர், முள்ளெலி பாதுகாப்புக் குழுவில் அவர், பித்தளை வாத்தியக் குழுவில் அவர்தான் செயலாளர், ஒரு குழல் ஊதத் தெரியாது. இல்லையென்று சொன்னால் என்ன நடந்துவிடும் என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்காது. முகம் மாறும். அந்த முகம் மாறுகிறதுதான். ஒருத்தரின் முகம் தன்னால் மாறுகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அதுதான் அவருக்கு இந்த வயதிலும் ஏலாத சங்கதி, அதற்குப் பதிலாக மேளகாரரைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் இங்கே கதவு இருக்கிறது, ஒரு முகமும் தெரியாது. வயிற்றுக்குச் சரியில்லை என்று சொல்லியாயிற்று, எல்லாரும் நம்பியாயிற்று, இப்படியே குந்தியிருந்தால் வாக்கும் விழாது, அமைச்சும் போகாது, டொரீனுக்கும் நான் வெட்டச் சொல்லி வாக்குப் போடவில்லை என்று சொல்லலாம். ஒரு கல்லில் மூன்று மாங்காய். இவ்வளவு சுகமான இடம் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று முன்னமே தெரிந்திருந்தால். என்றாலும் சனிக்கிழமை வரும். பல்லுச்செற்றைப் பிடித்துக்கொண்டு டொரீன், வயித்தாலை போனதாலைதான் என்ரை படகு தப்பினதோ என்று கேட்பாள். அதற்கும் ஓம் என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

வெளியே நடை ஒன்று வந்தது, கிரஹத்தின் நடை இல்லை, தாளத்தோடு வருகிற நடை, கூட ஒரு இரும்புச் சத்தம். விக்னராசாவுக்கு உடனே விளங்கிவிட்டது. கூடத்திலிருந்து ஆட்கள் வரத் தாமதமானால் சபாநாயகர் படைக்கலச் சேவிதரை அனுப்புவார், என்னவென்று பார்த்து வரச்சொல்லி. இடுப்பில் வாளோடு. இந்தக் காலத்தில், லண்டனில், ஒரு அம்மா இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு கக்கூஸ் வாசலுக்கு வருகிறாள் என்றால் ஊரில் ஆர் நம்பப் போகிறார்கள். வாள் சுவரில் முட்டியது. "மாண்புமிகு உறுப்பினர் அவர்களே" என்றாள் அந்த அம்மா, வலு மரியாதையாக, குரலில் ஒரு சிரிப்பும் இல்லை, எப்படித்தான் அடக்குகிறாளோ, "சபாநாயகர் கேட்டு அனுப்பியிருக்கிறார். உங்களுக்குச் சுகமில்லையோ?" கதவுக்குக் கீழே அவளுடைய கறுத்தச் சப்பாத்து, பக்கத்தில் கிரஹத்தின் சப்பாத்து. சுகமில்லையோ. இதைவிட வசதியான கேள்வியை ஒரு மனிசனுக்கு ஒருத்தரும் கேட்க ஏலாது. ஓம் என்றால் போதும், தண்ணி கொண்டு வருவார்கள், முதுகைத் தடவுவார்கள், நாளைக்குக் கிரஹம் தோடம்பழம் வாங்கி அனுப்புவான். அந்தச் சொல் தொண்டைக்கு வந்துவிட்டது, நாக்குக்கு வந்துவிட்டது, உதடு குவிந்தும் விட்டது. அப்போது அவர் என்ன நினைத்தாரென்றால், படகையும் நினைக்கவில்லை, மீன்பிடியையும் நினைக்கவில்லை, காது நோவுக்குச் சால்வை கட்டிக்கொண்டு காத்தடிக்க வந்த பெடியனுக்குத் தான் கதவைத் திறக்காமல் கன நேரம் இருந்ததை நினைத்தார். திறந்த பிறகு எவ்வளவு லேசாக இருந்தது. விக்னராசா எழும்பினார். முழங்காலில் அந்தச் சத்தம் கேட்டது. கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்து, இரண்டு முகத்தையும் நேரே பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றார். குரல் பெரிதாக வரவில்லை, ஆனால் வந்தது. "எனக்குச் சுகத்துக்கு ஒண்டுமில்லை அம்மா. வயித்துக்கும் ஒண்டுமில்லை. பிழையான கூடத்துக்கை வந்திட்டன். நான் அந்த எண்ணுகிற வாசலைத் தாண்டப் போறதில்லை. சபாநாயகரிட்டை அப்பிடியே சொல்லுங்கோ."

கிரஹத்தின் முகம் மாறியது. விக்னராசா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், முதலில் நெற்றி, பிறகு வாய், பிறகு காது சிவந்தது. அவ்வளவுதான். கூரை இடியவில்லை. "விக், மீன்பிடி?" என்றான் மெல்லமாக. "தெரியும்" என்றார் விக்னராசா, அவனுக்காகக் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது, தோளில் கையைப் போட்டு, "நேற்றே சொல்லியிருக்க வேணும். அது என்ரை பிழை. ஆனா இதுக்கு மட்டும் நான் இல்லை" என்றார். இரண்டாவது தரம் சொல்ல இன்னும் லேசாக இருந்தது. வாள்கார அம்மா தலையைக் குனிந்துவிட்டுத் திரும்பினாள், திரும்பும்போது அவளுடைய வாய் ஒரு பக்கமாகக் கோணினதை அவர் கண்டார், சிரிப்புத்தான்.

எண்ணுகிறவர்கள் நாலு பேரும் சபைக்குள் வரிசையாக வந்து தலையைக் குனிந்து வாசித்தபோது கூடத்துக் கதவு திறந்து வெளியே வந்த விக்னராசா சபை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓம் பக்கம் எவ்வளவோ, இல்லைப் பக்கமும் அவ்வளவு. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. சபை சந்தை மாதிரி இரைந்தது. சபாநாயகர் எழும்பினார், சமமாக வந்தால் தன் வாக்கை இருக்கிறதை இருக்கிறபடி விடுகிற பக்கத்துக்குப் போடுவதுதான் வழக்கம் என்றார், போட்டார். திருத்தம் தோற்றது. அந்த வரி அதன்பாட்டில் கிடந்தது. கால்கள் ஓம் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதற்கு இப்போது அவற்றை ஏசுவதா தடவுவதா என்று தெரியவில்லை, குனிந்து முழங்காலைத் தடவினார். சபைக்குள் கைதட்டக்கூடாது, அது வழக்கம். வெளியே நடைபாதைக்கு வந்து, ஆரும் இல்லையென்று பார்த்துவிட்டு, இரண்டு தரம் தட்டிக்கொண்டார்.

இராசமலருக்கு அடித்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "எங்கை போனீங்கள், ரீவியிலை உங்களைத் தேடித் தேடிக் கண் போச்சு. படகு தப்பிச்சாம், கேட்டனீங்களோ?" "கேட்டனான்." "இல்லைப் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?" "அது பெரிய கதை, வந்து சொல்லுறன்." "சரி சரி, இஞ்சை கோயில் ஆக்கள் இன்னும் மற்ற லைனிலை நிக்கினம், பாவங்கள். ஓம் எண்டு சொல்லிவிடட்டோ?"

விக்னராசா சுவரில் சாய்ந்தார். நாக்கில் அந்தச் சொல் இன்னும் சூடாகத்தான் கிடந்தது.

"இல்லையெண்டு சொல்லும்."

மறுபக்கத்தில் ரீவியின் இரைச்சல் மட்டும் கேட்டது, அதையும் ஆரோ அமத்தினார்கள். பிறகு இராசமலர், தெரியாத ஆளோடு கதைக்கிற குரலில், கவனமாகக் கேட்டாள்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"